அளவுகோலை அரசிதழில் போடுங்கள்

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், புது தில்லி.
நகல்: மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம்.
பொருள்: இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைத்தவர்கள் செய்தது தொழிலா, சூதா, நோயா என்று தெளிவுபடுத்தக் கோருதல்.

ஐயா, அம்மையீர்,

முதலில் பாராட்டு. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று மூன்றே நாளில் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கரை சேர்த்துவிட்டீர்கள். 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்த நாளிலிருந்து, எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று இந்நாட்டு நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தன. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, காசு கட்டி இணையத்தில் ஆடினால் எல்லாம் ஒன்றே, எல்லாம் தடை என்று எழுதி, அந்தக் கேள்வியையே நீங்கள் ஒழித்துக் கட்டினீர்கள். அதே வாரத்தில், ஒரு நாள் முன்னதாக, புதிய வருமான வரிச் சட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. இணைய ஆட்டத்தில் வென்ற தொகைக்கு 30 சதவீதம் வரி என்ற ஏற்பாடு அதில் பத்திரமாக இருக்கிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 22 முதல், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 40 ஆகவும் உயர்த்தினீர்கள். கடையை இழுத்து மூடிவிட்டு, மூடிய கடையின் சரக்குக்கு வரியை ஏற்றுவதற்கு நிர்வாகத் துணிச்சல் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

போக்கர் தொழிலைப் பற்றி உங்கள் கோப்புகளில் என்ன எழுதியிருக்கிறதோ, வெளியே இருப்பது இதுதான். தொழில்முறை ஆட்டக்காரர் ஒரே நேரத்தில் நான்கு, ஆறு மேசைகளைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு, தனக்கு வரும் சீட்டுக் கைகளில் பெரும்பாலானவற்றை ஆடாமலே மடக்கி வைப்பவர். ஒரு ராத்திரியின் வெற்றி தோல்வியை அவர் கணக்கில் எடுப்பதில்லை. லட்சக்கணக்கான கைகளை ஆடி முடித்த பிறகு நூறு கைக்கு எவ்வளவு மிஞ்சியது என்றுதான் பார்ப்பார். மேசை நடத்தும் நிறுவனம் பந்தயப் பணம் சேரும் ஒவ்வொரு பானையிலும் எடுக்கும் கமிஷனை, அவர்கள் மொழியில் ரேக்கை, தாண்டி மிஞ்சுவதுதான் சம்பளம். மாதக்கணக்கில் சரியாக ஆடியும் தோற்க நேரும் என்பதால், வீட்டுச் செலவுப் பணத்தையும் ஆட்ட முதலையும் கலக்காமல் வைத்திருப்பது இத்தொழிலின் முதல் பாடம். பகலில் ஆடிய கைகளை மென்பொருளில் போட்டுப் பிழை தேடுவார். இரவில் மறுபடி மேசை. கேட்பதற்கு எவ்வளவு சலிப்பாக இருக்கிறது பாருங்கள். சூதாட்டம் என்ற சொல்லுக்குரிய கவர்ச்சி எதுவும் இதில் இல்லை. 2010ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்த ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் ஆகிய சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், முன்பே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட பணத்தில் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்ததையும், மற்றவர்கள் 15 சதவீதம் இழந்ததையும் கண்டார்கள். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி வென்றது. குருட்டு அதிர்ஷ்டத்தில் எப்படி ஜெயிப்பது என்று கற்றுக்கொடுக்க எந்தக் கணினியாலும் முடியாது.

அடுத்து உங்கள் வரிக் கணக்கு. ஒருவர் ஓராண்டில் 10 லட்சம் தோற்று, மறு ஆண்டில் 12 லட்சம் வென்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் அவர் சம்பாதித்தது 2 லட்சம். வெற்றியைத் தனியே பிடித்து வரி போட்டு, முந்தைய ஆண்டுத் தோல்வியைக் கழிக்க மறுப்பதால், கட்ட வேண்டியது 3 லட்சத்து 60 ஆயிரம், செஸ் தனி. இணைய இணைப்பு, கணினி, மென்பொருள் எதற்கும் செலவுக் கழிவு கிடையாது. அடிப்படை வரி விலக்கு வரம்பும் கிடையாது. இதே மனிதர் இதே தொகைகளைப் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் தோற்று வென்றிருந்தால், முந்தைய நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை சுமந்துபோய்க் கழித்துக்கொள்ளலாம். 2 லட்சத்துக்கு மட்டுமே வரிக் கணக்கு வரும், அதுவும் விலக்கு வரம்புக்குள் அடங்கிப்போகும். சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு, தடை வேறு வரி வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். சரியான வாதம்தான், பழைய வாதமும்கூட. ஆனால் 1980இல், பியாரா சிங் வழக்கில், எல்லை தாண்டிப் பணம் கடத்தியவரிடமிருந்து பறிமுதலான நோட்டுகளை அவருடைய தொழில் நஷ்டமாகக் கழிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் வேறொரு வழக்கில் அந்தச் சலுகையை விரிக்க மறுத்தது உண்மை. என்றாலும் கடத்தலை ஒரு காலத்தில் தொழில் என்றாவது ஒத்துக்கொண்டார்கள். போக்கர் ஆட்டக்காரருக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

சரி, வரியை விடுவோம். எதைத் தடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய அரசிடம் ஓர் அளவுகோல் இருக்க வேண்டுமல்லவா? திறமைதான் அளவுகோல் என்று முதலில் எடுத்துப் பார்த்தேன். 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது உச்ச நீதிமன்றம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் போட்ட சட்டம் சென்னைப் பந்தயக் கழகத்தின் வழக்கில் சிக்கி, 1996இல் குதிரை மேல் பணம் கட்டுவதும் திறமையே என்று தீர்ப்பானது. குதிரையில் ஏறாதவர் அதன் ஓட்டத்தைக் கணிப்பது திறமை. தன் கையிலுள்ள சீட்டைத் தானே ஆடுவது மட்டும் சந்தேகத்துக்குரியது. போக்கர் மாநில எல்லை தாண்டும்போதெல்லாம் இயல்பு மாறுகிறது: மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பேர் சொல்லியே சூதாட்டப் பட்டியலிலிருந்து விலக்கியது, 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் சூது என்றது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தமிழக அரசு அட்டவணையில் சேர்த்தது செல்லாது என்றது. இந்தக் குழப்பத்தையெல்லாம் மன்னிக்கலாம். கேரள அரசு 1967இலிருந்து நடத்திவரும் லாட்டரியில் எந்தத் திறமை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். கோவாவின் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பலில் சுழலும் சக்கரத்துக்குத் திறமை தெரியுமா? கப்பலில் ஏறி உட்கார்ந்து சீட்டாடினால் சுற்றுலா வளர்ச்சி. அதே ஆட்டத்தை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஆட வசதி செய்து கொடுத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை என்பது உங்கள் பெருந்தன்மை; அவர் பாதிக்கப்பட்டவராம்.

ஆக, திறமை அளவுகோல் அல்ல. தீங்குதான் அளவுகோல் என்று நீங்கள் சொல்கிறீர்கள். 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழக்கிறார்கள் என்பது அரசுத் தரப்பின் மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 444 ரூபாய் வருகிறது. சராசரி பொய் சொல்லும் என்று தெரியும், சிலர் வீட்டையே இழந்தார்கள் என்பதும் தெரியும். அதனால் சராசரியை வைத்துச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறேன். உங்கள் அமைச்சகத்தின் நிழலிலேயே இருக்கும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி என்ன சொல்கிறது? 2024-25 நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த நஷ்டம் ஒரு லட்சம் கோடிக்கும் மேல், ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 1.1 லட்சம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் பேர், மொத்தம் 1.8 லட்சம் கோடி. இழந்த பணம் எங்கே போனது என்பதையும் செபி மறைக்கவில்லை: 2023-24இல் சொந்த முதலில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் மொத்த லாபம் பார்த்தார்கள்; அதில் ஏறக்குறைய முழுவதும் கணினி நிரல்கள் வழியே வந்தது. தீங்கை அளந்து தடுப்பதென்றால் வரிசையில் யார் முதலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்குச் சந்தை பொருளாதாரத்துக்குத் தேவை, விலையைக் கண்டறிகிறது, உற்பத்தியாளரின் அபாயத்தைக் குறைக்கிறது, சீட்டு எதை உற்பத்தி செய்கிறது என்ற பதில் உடனே வரும். சந்தை தேவைதான், மறுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அன்றே காலாவதியாகப்போகும் ஆப்ஷனை நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் வாங்கி விற்கும் கல்லூரி மாணவர் எந்த நெல் விவசாயியின் அபாயத்தைக் குறைக்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதைப் பகடியால் கடக்க முடியாது. கடன் வாங்கி ஆடித் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்மையாகவே இருக்கின்றன. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் தடையைப் பரிந்துரைத்ததற்கு அந்தச் சாவுகள்தான் காரணம். தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானமும் அந்தப் பலவீனமான ஆட்டக்காரர்கள் மேசைக்குக் கொண்டுவரும் பணத்திலிருந்துதான் வருகிறது. வெளியிலிருந்து யாரும் பானையில் காசு போடுவதில்லை. எனவே அவருக்காக நான் அனுதாபம் கேட்கவில்லை. அந்தப் பலவீனமானவரைக் காப்பாற்ற ஏற்கெனவே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 தொடக்கத்தில் விதிகள் கொண்டுவந்தது: ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தடை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மேசை மூடல், நெடுநேரம் ஆடுபவரின் திரையில் அரை மணிக்கொரு எச்சரிக்கை, செலவுக்கு வரம்பு. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க மூன்று மாதம்கூட விடவில்லை நீங்கள். இப்போது அதே பலவீனமானவர் வெளிநாட்டுத் தளத்தில், கிரிப்டோ வழியே, டெலிகிராம் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து ஆடலாம். அங்கே ஆதார் கேட்பதில்லை, நள்ளிரவில் மூடுவதில்லை, அரை மணிக்கொரு எச்சரிக்கை வருவதில்லை. உங்களுக்கு வரியும் வராது. போகிற போக்கில் ஒரு யோசனை: அந்த எச்சரிக்கைப் பெட்டியைப் பங்கு வர்த்தகச் செயலிகளுக்காவது கொடுத்துவிடுங்கள், வீணாகக் கிடக்கிறது.

சூது செல்வத்தையும் பண்பையும் கெடுக்கும் என்பது வள்ளுவர் வாக்கு, அதற்கு மேல் என்ன வாதம் என்று கேட்பவர்களும் உண்டு. பட்ஜெட் உரையில் குறள் சொல்லும் வழக்கமுள்ள அமைச்சகம் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சூது 94ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. எங்கள் மாநிலம் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்து 94ஐக் காப்பாற்றியது, அதே ஆண்டு நவம்பரில் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்து 93ஐக் கவனித்துக்கொண்டது. ஒழுக்கம் அளவுகோல் என்றால் அடுத்தடுத்த பக்கங்களையாவது சேர்த்துப் படித்திருப்பார்கள்.

திறமை, தீங்கு, ஒழுக்கம் மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது எது அனுமதி, எது தடை என்றிருக்கும் பட்டியல் இவற்றில் எதிலிருந்தும் பிறக்கவில்லை. லாட்டரி ஓர் அரசுக்குச் சொந்தம். சூதாட்டக் கப்பலுக்கு ஓர் அரசு உரிமம் தருகிறது. எஃப் அண்ட் ஓவின் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் உங்களுக்குப் பரிவர்த்தனை வரி விழுகிறது, யார் தோற்றாலும். 2023 அக்டோபருக்குப் பிறகு போக்கரிலும் கட்டிய முழுத் தொகைக்கு 28 சதவீதம் கேட்டுப் பார்த்தீர்கள். அதாவது 100 ரூபாய் போட்டால் ஏறக்குறைய 22 ரூபாய் முதல் சீட்டு விழும் முன்பே உங்களுடையது. அந்தப் பங்காளித்தனம் ஏன் கசந்தது என்பதுதான் புரியாத புதிர். காரணம் எதுவானாலும் நான்காவதாக ஓர் அளவுகோல் உங்களிடம் இருக்கிறது என்பது தெளிவு. ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் அரசிதழில் போடுங்கள். அடுத்து எந்தப் பிழைப்புக்குப் போவது என்று ஜனங்கள் பார்த்து முடிவுசெய்துகொள்வார்கள். காசில்லாமல் பொழுதுபோக்காகப் போக்கர் ஆடத் தடையில்லை என்று சட்டத்தின் ஊக்குவிப்புப் பகுதியைச் சுட்டிக்காட்ட வேண்டாம். கூலி வாங்காமல் சுவர் எழுப்பலாம் என்று கொத்தனாருக்கு அளித்த சலுகை அது.

கடைசியாக, உடனடியாகப் பதில் தேவைப்படும் ஒரு சின்ன விஷயம். 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆடியவர்கள் கணக்கில் இருந்த பணத்தை எடுத்தபோது, நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தமாகி உங்களிடம் வந்திருக்கிறது. அதைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 2025இல் வருமான வரிப் படிவத்தில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு ஒரு தொழில் குறியீட்டு எண்ணும் எஃப் அண்ட் ஓ வர்த்தகர்களுக்கு ஓர் எண்ணும் புதிதாகக் கொடுத்திருந்தீர்கள். போக்கர் ஆட்டக்காரருக்கு எண் இல்லை. வங்கி வட்டியோடும் குடும்ப ஓய்வூதியத்தோடும் பிற வழி வருமானத்தில்தான் அவர் இன்னும் ஒண்டிக்கொண்டிருக்கிறார். தடை செய்த தொழிலுக்குக் குறியீட்டு எண் தருவதில் சட்டச் சிக்கல் இருந்தால், 'பாதிக்கப்பட்டவர்' என்ற தலைப்பில் ஓர் எண் ஒதுக்கினாலும் போதும். படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
வரி செலுத்துவோரில் ஒருவர்