கொழிஞ்சாம்பாறையில மழையத் தொரத்தறவன்

உன்ற பையன் மழையப் போகச் சொல்லிப் பாடறானாமே கண்ணு? அதுவும் இங்கிலீசுல? ரெண்டரை வயசுல? சந்தோசம். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நாம குடியிருக்கறது எந்த ஊரு? கேரளா பூராவும் ஆனி ஆடில நனஞ்சு ஊறிக் கெடக்கறப்ப, இந்தக் கெழக்குச் சித்தூர்ப் பக்கம் மட்டும் மானத்தப் பாத்துட்டு நிக்கறோம். வடகரப்பதி, எருத்தேம்பதின்னு எங்க போனாலும் போர் எத்தன அடி போச்சுங்கறதுதான் பழமை. மணக்கடவுல வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி தமிழ்நாடு உடோணும்னு ஆளியாத்து ஒப்பந்தம். அது வந்துச்சா வல்லியான்னு வருசாவருசம் மல்லுக்கட்டு. இந்த ஊர்ல நின்னுட்டு ஒருத்தன் மழையத் தொரத்தறான்னா அவன் தெகிரியசாலிதான்.

மூணாறுல பாடுனா ஒரு ஞாயம் இருக்குது. அங்க மழக்காலத்துல லயத்துக்குள்ள கோமணம்கூடக் காயாது. 1924ல வந்துதே, மலையாளத்துக்காரங்க தொண்ணூத்தொம்பது வெள்ளம்னு சொல்றது, அது மூணாறுல ஓடிட்டிருந்த ரயிலையே சீரழிச்சுப் போட்டுது. அப்புறம் இந்நேரம் வரைக்கும் அந்த மலைக்கு ரயிலே ஏறல. அந்த ஊருப் பிள்ளை மழைய வெரட்டலாம். உன்றவனுக்கென்ன கேடு?

இதுக்காக நான் இங்கிலீசுப் பாட்டுக்குப் பகையாளின்னு நெனச்சுக்காத. உன்ற கூட்டாளி ஒருத்தன் வாட்சப்புல தாலாட்டு மீட்புன்னு கொடி புடிக்கறானே, அவன் பழமையும் எனக்கு ஆகாது. கலப்பில்லாத பாட்டு வேணுமாம் அவனுக்கு. எந்தச் சந்தையில விக்குது அது?

நட்சத்திரம் மின்னுறதப் பத்தி உன்றவன் பாடறான் பாரு, அந்த வரிக 1806ல இங்கிலாந்துல ஜேன் டெய்லருங்கற அம்மிணி எழுதுனது. மெட்டு? அது பிரான்சுல 1761லயே அச்சாயிருச்சு. மொசார்ட்டு அதை எடுத்துப் பன்னெண்டு தினுசா வாசிச்சுப் பாத்தாரு. அப்புறம் அந்தச் சுறாக்குட்டிப் பாட்டு. 2020 நவம்பருல யூட்யூப்புலயே சாஸ்தியாப் பாத்த வீடியோ அதுதான்னு ஆச்சு. கம்பெனி கொரியாவுது. இன்னொண்ணு, சக்கரையத் தின்னுட்டு அப்பங்கிட்டப் பொய் சொல்ற பையன் பாட்டு. அதை ஊரூராக் கொண்டு போய்ச் சேத்ததுல சூச்சூ டிவிக்குப் பெரிய பங்கு. அது எந்தச் சீமை டிவின்னு நெனச்ச? மெட்ராசு. 2013ல ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு வினோத் சந்தர், நம்ம மியூசிக் டைரக்டர் சந்திரபோசு மகன். நீ சீமை உச்சரிப்புன்னு பூரிச்சுப் போறது, கோடம்பாக்கத்து வாரிசு சுத்தி உட்ட சரக்கு அப்புனு!

நம்ம பக்கத்துப் பாட்டு மட்டும் என்ன ஒத்தச் சாதியா? ஒரு காலத்துல சித்தூரு கொச்சி ராசாவோடது. பாலக்காடு மெட்ராசு மாகாணத்து மலபார் சில்லா. தேவிகுளமும் பீர்மேடும் திருவாங்கூரு. பாலக்காட்டுப் பொண்ணு சித்தூருக்கு வாக்கப்பட்டா ராச்சியமே மாறும். தாலாட்டு மாறுமா? அவ கொண்டு வந்தது தமிழோ மலையாளமோ, தொட்டில்ல கெடக்கற உருப்படி கண்ண மூடுனாச் செரி. 1956 நவம்பர் 1ல கோடு போட்டு எல்லாத்தையும் ஒரு கேரளாவாக்குனாங்க. அன்னிக்கு ராத்திரி எந்தப் பிள்ளையாவது பாட்டு மாறிப்போச்சுன்னு அழுதுச்சா? 1813ல சுவாதித் திருநாள் பொறந்தப்ப இரயிம்மன் தம்பி அரமனைப் பிள்ளைக்குன்னு தாலாட்டுக் கட்டுனாரு. இப்ப கள்ளு எறக்கறவன் ஊட்டுப் பிள்ளையும் அதுலதான் தூங்குது. நமக்குத் தமிழ்ல கொழந்தப் பாட்டு எழுதுன கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே திருவாங்கூருப் பிரசைதான். தேரூருக்காரரு.

ஆகக்கூடி பாட்டு எங்கிருந்து வந்ததுங்கறது என்ற வெசனமில்ல. நான் கேக்கறது வேற. கை எங்க போச்சு?

முழிக்காத. சொல்றேன். பருப்புக் கடையற வெளையாட்டுத் தெரியுமா? என்ற ஊட்டுக்காரி பேரனுக்கு ஆடுவா. மொதல்ல பிள்ளையோட உள்ளங்கைய விரிக்கறது. அதுல தன்ற முழங்கைய ஊணி, கரகரன்னு கடையறது. அப்புறம் ஒவ்வொரு வெரலா மடக்கி ஆளாளுக்குப் பங்கு. அப்பனுக்கொண்ணு, ஆத்தாளுக்கொண்ணு, மாமனுக்கொண்ணு. மாமன் பங்குல கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுவா, அது பழைய கணக்கு. மிச்சத்த வழிச்சு எறிஞ்சுட்டு, ரெண்டு வெரல் மெல்ல ஊர ஆரம்பிக்கும். மணிக்கட்டு, முழங்கை, புசம். இங்கதான் சூட்சமம். கக்கத்துக்கு ஒரு சாண் இருக்கறப்ப வெரல் நின்னுரும். பிள்ளை மூச்சப் புடிச்சுட்டு அந்த வெரலையே பாக்கும். இன்னும் தொடவேயில்ல, அதுக்குள்ள சிரிப்புக் கெளம்பிரும். இங்கிலீசுக்காரக் கெழவியும் இதத்தான் பண்றா. அவ கையிக்குப் பதிலாக் கால் வெரலப் புடிச்சுப் பன்னிக்குட்டின்னு எண்ணி, கடைசி வெரல்ல கிச்சுக்கிச்சு மூட்டறா. ரெண்டு கெழவியும் ஒருத்தரொருத்தரப் பாத்ததேயில்ல.

இதை உன்ற போனு பண்ணுமா? பாட்டுப் பாடும், ஆடிக் காட்டும், பலூனு உடும். கக்கத்துக்கு ஒரு சாண் முன்னால நிக்கத் தெரியுமா அதுக்கு?

மூளை வளர்ச்சிக்கு ஆப்பு வாங்கியிருக்கறேங்கற. மாசத்துக்கு இத்தனைன்னு பணம் வேற. ஆஸ்பத்திரிச் சுவத்துல எந்த மாசம் பிள்ளை என்ன செய்யும்னு ஒரு சார்ட்டு தொங்குமே, பாத்திருக்கறயா? நம்ம பிள்ளைத்தமிழுப் புலவருக அதை எப்பவோ எழுதி வெச்சுட்டாங்க. அஞ்சாம் மாசம் கைய ஊணித் தலையத் தூக்கி ஆடுனாச் செங்கீரை. ஒம்பதாம் மாசம் கை தட்டுனாச் சப்பாணி. அப்புறம் நெலாவ வெளையாடக் கூப்புடற அம்புலி. இப்படிப் பத்துப் பருவம். குலோத்துங்கச் சோழனுக்கு ஒட்டக்கூத்தர் பாடுனாரு, மதுரை மீனாச்சிக்குக் குமரகுருபரர் பாடுனாரு. சாமியானாலும் ராசாவானாலும் அஞ்சாம் மாசம் கவுந்து படுத்துத் தலையத் தூக்கித்தான் ஆகோணும். அதுக்கெல்லாம் மாசச் சந்தா வாங்கல.

இன்னொரு கூட்டம், அர்த்தம் தேடற கூட்டம். கை கோத்து வட்டமாச் சுத்திக் கடைசில பொத்துன்னு உக்காருவாங்களே, அந்தப் பாட்டு 1665ல லண்டன்ல பிளேக்குல செத்தவங்களப் பத்தினதுன்னு போன வாரம் நீதான் எனக்குத் தாட்டி உட்ட. அந்தப் பாட்டு இங்கிலாந்துல அச்சுல வந்ததே 1881ல. பிளேக்குக் கதை கெளம்புனது போன நூத்தாண்டுல. பாட்டுகளத் தேடித் தொகுத்த ஓபி தம்பதிக அதை ஒத்துக்கவேயில்ல. பிள்ளைக கீழ உழுகறது எதுக்குன்னு அதுககிட்டக் கேட்டயா? உழுந்தாச் சிரிப்பு வருது, உழுகுதுக. அம்புட்டுத்தான்.

இத்தனைக்கும் நீ கடைசில வந்து நிக்கற எடம் எனக்குத் தெரியும். எனக்குக் கொரல் நல்லால்ல அப்பாரு, அதான் போன்ல போட்டு உடறேன்ம்ப. அட்டப்பாடி நஞ்சியம்மாவத் தெரியுமில்ல? மாடு ஆடு மேச்சுட்டு இருளப் பாட்டுப் பாடுனவங்க. ‘அய்யப்பனும் கோசியும்’ படத்துல பாடுனதுக்கு 2022 ஜூலையில தேசிய விருது அறிவிச்சாங்க, நாட்டுலயே நல்ல பின்னணிப் பாடகின்னு. ஒடனே சங்கீதக்காரர் ஒருத்தருக்குப் பொறுக்கல. அந்தம்மாவுக்குச் சுருதி சேத்துப் பாட வராது, முறையாப் படிச்சவங்களுக்கு இது அவமானம்னு பேசுனாரு. மேய்ச்சக் காட்டுல யாரு கண்ணு தம்புராப் புடிச்சுட்டு நிக்கறது? ஊரே அந்தம்மா பக்கம் நின்னுச்சு. விருது வாங்குன கொரலுக்கே சுருதி கேக்கறாங்கன்னா, உன்ற கொரலக் கேட்டு யாரு என்ன சொல்லப் போறாங்க? கேக்கறது மூணடி உசரத்துல இருக்கற ஒரு ஆளு. அவனுக்கு ஆதி தாளமும் தெரியாது, அபசுரமும் தெரியாது.

நேரமில்லைங்கறது அடுத்த சாக்கு. எஸ்டேட்டுல பொம்பளைக விடிஞ்சதும் கூடையக் கட்டிட்டுக் கொழுந்து கிள்ளப் போனா, பிள்ளை கிரச்சுலதான். அம்பது பொம்பளைக வேலை செய்யற தோட்டத்துல பிள்ளைகளுக்குத் தனி எடம் வேணும்னு 1951ல சட்டமே போட்டாங்க. அங்க ஆயா ஒருத்தி, சுத்தியும் ஒரு மந்தை பிள்ளைக. அத்தனையவும் தட்டித் தூங்க வெச்சது என்ன? திருநெல்வேலிச் சீமையிலயும் மதுரைப் பக்கத்துலயும் இருந்து வந்தவங்க கொண்டாந்த பாட்டும், ஆயாவோட ரெண்டு கையும். பொழுதோட ஆத்தாக்காரி வந்து, நோவுற கையோடயே நெலாவக் காட்டிச் சோறும் ஊட்டுனா. உனக்கு ஞாயித்துக்கெழமைகூட ஒழியல.

செரி, பேசிட்டே இருந்தா ஆவுமா? பொழுதோட பையனக் கூட்டிட்டு வா. என்ற ஊட்டுக்காரி பருப்புக் கடைய மனையப் போட்டு உக்காந்துருப்பா. நீயும் கைய நீட்டு, வெக்கப்படாத, பங்கு உண்டு. போனையும் எடுத்துட்டே வா. திரும்பிப் போறப்ப வரப்புல பாம்பு கெடக்கும், டார்ச்சுக்கு ஆவும்.