சங்கு ஊதாத கம்பெனி

பட்டிநோம்பி அன்னைக்கு ஊருல இருக்கற காளை, எருமை, வெள்ளாடு அத்தனைக்கும் லீவு. கொம்பு சீவி, பெயிண்டு அடிச்சு, பழைய கவுத்தக் கழட்டிப்போட்டுப் புதுக்கவுறு மாத்தியாச்சு. ஒண்ணு மேலயும் நுகத்தடி இல்ல. நீயி ஒருத்தன்தான் கண்ணு, தொண்டுப்பட்டி ஓரத்து வேப்பமரத்தடியில டவர் கெடைக்குதுன்னு கவுத்துக்கட்டல்ல லேப்டாப்ப வெச்சுக்கிட்டு "எஸ் சார், எஸ் சார்"னு தலையாட்டிக்கிட்டுக் கெடந்தே. நம்ம மயிலைக்காளை மூணு தரம் உன்னையத் திரும்பிப் பாத்துச்சு. ஊட்டுக்கு வந்தும் கழட்ட மறந்து உன்ற கழுத்துல தொங்குச்சு பாரு கம்பெனிக் கவுறு, அதப் பாத்துப்போட்டு, "இவனுக்கு மட்டும் ஏன் இன்னும் புதுக்கவுறு மாத்தல?"ன்னு ரோசனை பண்ணியிருக்கும்.

கோவிச்சுக்காதே சாமி. உங்கம்மா மாதிரி நான் கண்ணீர் உட்டுக்கிட்டுச் சொல்ல மாட்டேன். அப்புச்சிக்குத் தெரிஞ்சது நக்கல் ஒண்ணுதான்.

கம்பெனி பேரு நமக்கெதுக்கு? கரண்டுல ஓடற காரு பண்றாங்க, வருசத்துக்கு வருசம் ரெட்டிப்பா வளருதுங்கறே. சந்தோசம். வேகமா வளர்றது கோயமுத்தூருக்கு ஒண்ணும் புதுசில்ல. ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்த பஸ்ஸ ஓட்டி ஆரம்பிச்சவரு. 1937ல இதே ஊருல கரண்டு மோட்டாரு செஞ்சு காட்டுனாங்க. அதனால கம்பெனி வளருதுன்னா எனக்கு வவுத்தெரிச்சல் இல்ல. அது வளர வளர நீயி எதுக்குத் தேயறேங்கறதுதான் கேள்வி. போன நோம்பிக்கு வந்தப்ப எழுவது கிலோ இருந்தே. இப்ப உன்ற சட்டை, சோளக்கொல்லப் பொம்மைக்குப் போட்ட மாதிரி தொங்குது.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுல ரிங் பிரேம்ல நின்னவன். மில்லுல வேலை என்னமோ பூப்பறிக்கற வேலைன்னு நெனைக்காதே. பஞ்சுத்தூசி மூக்குல, சூடு மொகத்துல, மேஸ்திரி பொடனியில. ஆனா ஒண்ணு இருந்துச்சு. சங்கு. சிப்டு முடிஞ்சு சங்கு ஊதிட்டா, அறுந்த நூல அடுத்த சிப்டுக்காரன் வந்துதான் ஒட்டுவான். நான் தொட மாட்டேன். மேஸ்திரியும் தொடச் சொல்ல மாட்டான். கடிகாரம் இல்லாத ஊட்டுல எல்லாம் அந்தச் சங்கக் கேட்டுத்தான் ஒலை வெப்பாங்க. உங்கமுச்சி ரெண்டாஞ் சங்குக்குக் கொள்ளுப்பருப்பு கடைய ஆரம்பிச்சான்னா, நான் சைக்கிள நிறுத்தறப்ப ரசம் கொதிச்சிருக்கும்.

உன்ற கம்பெனியில சங்கு இல்ல. அதுக்குப் பதிலா செல்லு குடுத்திருக்கறாங்க. அது வேலை தொடங்கறதுக்கு மட்டும்தான் ஊதுது, முடிக்கறதுக்கு ஊதற வழக்கம் அதுக்கு இல்ல. ராத்திரி பதினொண்ணரைக்கு ஊதுச்சு, நானே கேட்டேன். இப்படியே போனா உனக்கு முடிஞ்சதுன்னு ஊதறதுக்கு ஒரே ஒரு சங்குதான் மிச்சம். அத ஊதறவரு கூடவே சேகண்டியும் கொண்டாருவாரு.

சட்டம் தெரியாதவன்னு அப்புச்சிய எடை போடாதே. யூனியன் ஆபீசு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சவன். 1948ல போட்ட பேக்டரி சட்டம் என்ன சொல்லுச்சு? வாரத்துக்கு 48 மணி நேரம், நாளைக்கு 9 மணி. அதுக்கு மேல வாங்குனா ரெட்டைக் கூலி. இத நான் சொன்னதும் நீயி சிரிச்சே. "அதெல்லாம் ஒர்க்கருக்குங்க அப்புச்சி, நான் அசிஸ்டென்ட் மேனேஜருங்க"ன்னே. அட என்ற ராசா! மேற்பார்வை, நிர்வாகம்னு பதவியில இருக்கறவங்களுக்கு அந்த நேரக்கணக்கு பொருந்தாம விலக்கு வெக்கறதுக்கும் அதே சட்டத்துல வழி இருந்துச்சு. உனக்குக் கீழ எத்தன பேருன்னு கேட்டேன், ஒருத்தரும் இல்லீங்கன்னே. அப்ப நீ ஆருக்குடா மேனேஜரு? உன்ற தூக்கத்துக்கா? அந்தக் காலத்துல கூலிய ஏத்த மனசில்லாத பண்ணாடி, பண்ணயத்தாளுக்குத் தலப்பா கட்டி உடுவாரு. அவனும் தலப்பாயத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே ரெண்டு வருசம் ஓட்டிப்போடுவான்.

2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற மசோதா நெறவேறுச்சே, நாபகம் இருக்குதா? ஊரே கத்துச்சு. மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணுனா, "நல்லவேளைங்க அப்புச்சி, 12 மணி நேரமெல்லாம் அநியாயம்"னு சொன்னே. சொன்னப்ப நீயி எங்க இருந்தே? ஆபீசுல. மணி என்ன? பத்தே கால். வெடியால எத்தனைக்குப் போனேன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல.

பெரிய மனுசங்க சொல்றாங்களேங்கறே. சொல்றாங்க, ஆரு இல்லீன்னாங்க? இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023ல வாரத்துக்கு 70 மணி நேரம்னாரு. 2025 சனவரியில எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90க்கு ஏத்துனாரு, ஊட்டுல இருந்து எத்தன நேரந்தான் பொண்டாட்டி மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னும் கேட்டாரு. ஏலத்துல மஞ்சள் வெலை கூட இத்தன வேகத்துல ஏறி நான் பாத்ததில்ல. உனக்கு அந்தக் கவலையும் இல்ல, பாக்கறதுக்குப் பொண்டாட்டியே இன்னும் வரல. போன மாசம் தாராபுரத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. "மாப்ளைகிட்ட காரு இருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க. "மாப்ளை காரே பண்றானுங்க, அதுல ஏறித்தான் பாத்ததில்லீங்க"ன்னேன். காப்பி குடிச்ச டம்ளர கீழ வெச்சுப்போட்டுப் போனவங்கதான்.

இந்தக் கரண்டுக் காருக்கு ஆதி குரு ஒருத்தரு இருக்கறாரே, எலான் மஸ்க்கு. 2018ல மாடல் 3 காரு வாரத்துக்கு 5,000 வரோணும்னு பிரிமான்ட் பேக்டரியில பெரிய கூடாரம் போட்டு அதுக்குள்ள காரு பூட்டுனாங்க. நம்மூருல பந்தல் போட்டா கல்யாணம், அங்க பந்தல் போட்டா புரொடக்சன். மொதலாளி பேக்டரியிலயே படுத்துத் தூங்குனாருன்னு நீயி கண்ணு விரியச் சொன்னே. படுக்கட்டும் கண்ணு, அவரு தோட்டம், அவரு சாளை. களத்துல ராகி காயறப்ப நான் கூடத்தான் களத்துலயே படுப்பேன், ராகி என்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ராகிக்கு நீயி எதுக்குடா பாய் சுருட்டிக்கிட்டுப் போறே?

அதே வருசம் அவரே ஒண்ணு ஒத்துக்கிட்டாரு: மெசினையே எச்சா நம்புனது தப்பு, மனுசன கொறைச்சு எடை போட்டுட்டோம்னு. நல்ல பேச்சு. ஆறு வருசம் கழிச்சு, 2024 ஏப்ரல்ல, ஒலகம் பூரா பத்துல ஒண்ணுக்கு மேல ஆளையே கொறைச்சாரு. அதே மாசக் கடைசியில, சார்ஜர் போடற கூட்டத்துல சுமாரு 500 பேர ஒட்டுக்கா அனுப்பிப்போட்டு, அப்பறம் அதுல கொஞ்சம் பேர மறுக்கா கூப்புட்டாங்க. எங்க மில்லுல இதுக்குப் பதிலின்னு பேரு. கேட்டுல நின்னு, இன்னைக்கு ஆளு வேணுமான்னு பாத்துப்போட்டுப் போறவன். அவனுக்காச்சும் தான் பதிலின்னு தெரியும்.

அமெரிக்கா தூரம்ங்கறயா? மறைமலை நகர் பக்கம்தானே? போர்டு கம்பெனி இருவது வருசத்துக்கு மேல காரு பண்ணுச்சு. 2021 செப்டம்பர்ல உற்பத்திய நிறுத்தறோம்னு சொன்னாங்க. இழப்பீடு பத்தாதுன்னு தொழிலாளிக கேட்டுல உக்காந்து பாத்தாங்க. 2022 ஜூலையோட கடைசிக் காரு வெளிய வந்துச்சு, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு உள்ள போக எடமில்லாம நின்னாங்க. அவங்களும் ராத்திரி சிப்டு பாத்தவங்கதான். உங்க சாரு சொல்ற மாதிரி "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு அவங்க கிட்டயும் ஆராச்சும் சொல்லியிருப்பாங்க. குடும்பத்துல ஆள் எச்சாப் போச்சுன்னு மெயில் போட்டு ஆரையாச்சும் அனுப்புவாங்களாடா? நம்ம பங்காளி முப்பது வருசமா வரப்புத் தகராறு பண்றான், அவன் கூட என்னைய கோர்ட்டுக்குத்தான் இழுத்தான்.

சம்பளம் கம்மிதான், ஆனா பங்கு குடுக்கறாங்க, நாலு வருசம் இருந்தா முழுசும் என்றதுன்னு சொன்னே. அப்ப எனக்குச் சிரிப்பு வரல. நம்ம சீமையில சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு நடந்துச்சு. தெக்கத்திச் சீமையில இருந்தெல்லாம் வயசுப் புள்ளைகளக் கூட்டியாந்து மில்லு ஆஸ்டல்லயே வெச்சுக்குவாங்க. மூணு வருசம் முடிச்சா கல்யாணச் செலவுக்கு மொத்தமா முப்பதோ அம்பதோ ஆயிரம். மூணு வருசம் முடியறதுக்குள்ள சீக்கு வந்து ஊட்டுக்குப் போன புள்ளைக எத்தனை, வெளிய அனுப்பிப்போட்ட புள்ளைக எத்தனை! அந்த மொத்தக் காசு அதுகள்ல பல பேரு கைக்கு வந்து சேரல. நீயி இங்கிலீசுல கையெழுத்துப் போட்டிருக்கறே, அதுக கைநாட்டு வெச்சதுக. கடைசி வருசம் வரைக்கும் மூக்குக்கு முன்னால தொங்கற கரும்பு ஒரே கரும்புதான். கிண்டலுக்குச் சொல்லல, அந்தக் காயிதத்த எடுத்து, நடுவுல போனா என்னாகும்னு எழுதியிருக்கற பாராவ மட்டும் ரெண்டு தரம் படி.

இத்தனையும் சொல்லிப்போட்டு ஒண்ண மறைச்சா நான் மனுசனில்ல. முந்தாநேத்து நீயி செல்லுல ஒரு படம் காட்டுனே, நீங்க கோடு போட்டு வரஞ்ச மோட்டாரு பொருத்தி மொதக் காரு வெளிய வர்ற படம். அதக் காட்டறப்ப உன்ற கையி நடுங்குச்சு. எனக்கு அந்த நடுக்கம் தெரியும். எங்க மில்லுக்குப் புது ரிங் பிரேம் வந்து எறங்குன அன்னைக்கு, சிப்டு முடிஞ்சும் நான் ஊட்டுக்குப் போகல. பிட்டருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டு ராத்திரி பூரா நின்னேன். ஒருத்தரும் நிக்கச் சொல்லல, காசும் கேக்கல. மெசினு மொதத் தரம் சுத்துனப்ப புள்ளை பொறந்த மாதிரி இருந்துச்சு. ஆனா அது ஒரு ராத்திரி. மறுநாள் மேஸ்திரி வந்து, "நேத்து நின்னியே, இன்னைக்கும் நில்லு"ன்னாரு. அங்கதான் சூட்சுமம். ஆசையில குடுத்த ஒரு ராத்திரிய, அடுத்த நாளே வழக்கமாக்கிப் போடுவாங்க. சங்கு ஊதுச்சு, நான் சைக்கிள எடுத்தேன். நீயி இருந்தா நின்னிருப்பே.

அந்தக் காலத்துல நம்ம கவலை ஓட்டுன எருத, வெயில் ஏர்றதுக்குள்ள அவுத்து நெழல்ல கட்டித் தண்ணி காட்டுவோம். பாசம்தான், இல்லீங்கல. ஆனா அந்த எருது காங்கேயத்துச் சந்தையில எண்ணிக் குடுத்த காசு. செத்தா நட்டம் நமக்கு. உன்னைய ஒருத்தரும் காசு போட்டு வாங்கல கண்ணு. நீயி படுத்தா, அந்த நாற்காலி சூடு ஆர்றதுக்குள்ள இன்னொருத்தன் உக்காந்துக்குவான். உன்னைய அவுத்து நெழல்ல கட்ட வேண்டிய ஆளு நீயேதான்.

வேலைய உட்டுப்போட்டு வான்னு சொல்ல மாட்டேன். வந்தா இங்க நீயி என்ன, தென்னைக்குத் தண்ணி கட்டப் போறயா? வாய்க்கால் எந்தப் பக்கம் போகுதுன்னே உனக்குத் தெரியாது. இந்தா, நாப்பது பக்க நோட்டு ஒண்ணு. மளிகைக் கணக்குக்கு உங்கமுச்சி வாங்கி வெச்சது. மொதப் பக்கத்துல உப்பு, புளின்னு இருக்குது, அத உட்டுப்போட்டு அடுத்த பக்கத்துல இருந்து எழுது. தேதி, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம். ராத்திரி ஊட்டுல இருந்து பேசறயே, அதையும் சேத்து. ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம், பொய் மட்டும் எழுதாதே. அடுத்த நோம்பிக்கு வர்றப்ப கொண்டா. மணிக்கு என்ன கூலி உழுந்திருக்குதுன்னு நான் வகுத்துப் பாத்துச் சொல்றேன். நம்ம தோட்டத்துல தேங்கா உரிக்க வர்ற பழனிக்கு என்ன கூலின்னும் பக்கத்துலயே எழுதறேன்.

இப்ப அந்தப் பொட்டிய மூடு. மயிலை மறுக்காத் திரும்பிப் பாக்குது, தொட்டியில தண்ணி இல்ல போல.