இசட் டிரைவின் இருப்பும் இன்மையும்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம், ஒரு சிறுநகர ஆடிட்டர் அலுவலகம். ஆய்வுப்பொருள், ஃபைல் பீரோவின் மேல் விளக்கு சிமிட்டியபடி உட்கார்ந்திருக்கும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் கோப்புக் கிடங்கு. கணினிகளில் அது இசட் டிரைவாகத் தெரியும். அதிலுள்ள கணக்கு புரோகிராமை இசட் டிரைவிலிருந்து டபுள் கிளிக் செய்தால் ஓடாது. அதையே டெஸ்க்டாப்பில் காப்பி செய்து போட்டால் ஓடும். இந்தப் புதிர் இதுவரை "நெட்வொர்க் ப்ராப்ளம் சார்" என்ற மூன்று சொற்களில் அடக்கம் செய்யப்பட்டு வந்திருக்கிறது. தோண்டியெடுத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

முன்னோர் கொள்கைகள் மூன்று. முதலாவது ரீஸ்டார்ட்வாதம். பழமையிலும் பின்பற்றுவோர் தொகையிலும் இதற்கு ஈடில்லை. இரண்டாவது கேபிள்வாதம்: பிடுங்கு, ஊது, செருகு. ஊதுவதால் என்ன பயன் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஊதாமல் விட்டவரும் கிடைக்கவில்லை. மூன்றாவது, ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்கும் அதிகாரவாதம். முதலிரண்டும் தீங்கற்றவை. மூன்றாவதுதான் சில வேளைகளில் நோயையே உண்டாக்குகிறது.

இசட் என்பதை ஊழியர்கள் ஓர் இடமாகக் கருதுகிறார்கள். "இசட்ல போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க" என்பது அங்கே அன்றாடப் பேச்சு. உண்மையில் அது லாகின் செய்த ஒருவருக்கும் பெட்டிக்கும் இடையிலான தனிப்பட்ட ஏற்பாடு. 2007இல் கடைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு, அட்மின் உரிமையுள்ளவர் லாகின் செய்தால் இரண்டு பேராக உள்ளே போகிறார்: ஒருவர் சாதாரணர், இன்னொருவர் அதிகாரி. இசட்டை மேப் செய்தவர் சாதாரணர். அனுமதி கேட்கும் திரையில் 'எஸ்' அழுத்தியதும் எழுந்துவரும் அதிகாரிக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. புரோகிராம் இசட்டில் டேட்டாவைத் தேடிவிட்டுக் கைவிரித்துவிடும். ஆக, அதிகாரம் ஏற ஏற டிரைவ் மறைகிறது. இவ்விதி கணினிக்கு மட்டுமே உரியதா என்பது நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ரிஜிஸ்ட்ரியில் 'எனேபிள் லிங்க்ட் கனெக்‌ஷன்ஸ்' என்ற மதிப்பைச் சேர்த்து அதற்கு 1 கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் இசட் இருவருக்கும் பொதுவாகிவிடும். (ரீஸ்டார்ட்வாதிகள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுவார்கள், கொண்டாடட்டும்.)

அடுத்தது, பெட்டியை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டு ஆள். 192.168.1.20 என்று எண் சொல்லிக் கூப்பிட்டால், நடுவில் புள்ளிகளைக் கண்ட விண்டோஸ், இது இணையத்தில் எங்கோ இருக்கும் அந்நியன் என்று முடிவுகட்டி எச்சரிக்கைப் பலகையை நீட்டுகிறது. பெட்டி அதே பீரோ மேல்தான் இருக்கிறது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் லோக்கல் இன்ட்ராநெட் பட்டியலில் அந்த எண்ணைச் சேர்த்தால் சமாதானமாகும். இந்தச் சந்தேகப் புத்தி புதிதல்ல. 2005 ஜூனில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, நெட்வொர்க்கிலிருந்து திறந்த சிஎச்எம் உதவிக் கோப்புகள் பொருளடக்கத்தைக் காட்டின, பொருளைக் காட்டவில்லை. டாட்நெட் புரோகிராம்களும் 2008இல் 3.5 சர்வீஸ் பேக் 1 வரும்வரை நெட்வொர்க்கில் அரை நம்பிக்கையோடுதான் நடத்தப்பட்டன.

கமாண்ட் பிராம்ப்டின் போக்கே தனி. இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முகவரியில் நின்று வேலை செய்ய அதற்கு இஷ்டமில்லை. அங்கிருந்து ஒரு பேட்ச் ஃபைலை நேரே ஓட்டினால், ஒரு வரி முணுமுணுத்துவிட்டு விண்டோஸ் ஃபோல்டரில் போய் நின்றுகொண்டு, மீதி வரிகளை அங்கிருந்தே நிறைவேற்றத் தொடங்கும். அதில் 'டெல்' கட்டளை இருந்தால் என்ன ஆகும் என்று சோதிக்க ஆடிட்டர் அனுமதிக்கவில்லை. 'புஷ்டி' கட்டளை கொடுத்துப் போனால், இசட்டிலிருந்து பின்னோக்கிக் காலியான எழுத்தொன்றைத் தேடி மாட்டிக்கொடுக்கும்.

பழி முழுவதையும் விண்டோஸ் தலையில் கட்டுவது நடுநிலை ஆகாது. பெட்டிக்குள் குடியிருப்பது பெரும்பாலும் லினக்ஸும், கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பாவும். சாம்பா 4 முதல், கோப்பைப் படிக்க உரிமை இருந்தால் போதாது, இயக்கவும் தனி உரிமை வேண்டும். டெஸ்க்டாப் புதிர் அவிழ்வது இங்கேதான்: படிக்கலாம் என்பதால் காப்பி எடுக்கலாம், காப்பி இறங்கிய இடத்தில் சாம்பாவின் அதிகாரம் செல்லாது, எனவே ஓடுகிறது. பெட்டியில் எக்ஸிகியூட் உரிமையை டிக் செய்துவிட்டால் முடிந்தது. இதற்காக மூன்று முறை விண்டோஸையே மாற்றிப் போட்டவர்கள் உண்டு.

கேபிள்வாதிகளுக்கும் ஓரிடம் ஒதுக்கியாக வேண்டும். விண்டோஸ், புரோகிராமை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வேண்டும்போது வேண்டிய பக்கத்தை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிறது. நடுவில் யாராவது நாற்காலியை நகர்த்தி வயரை இழுத்துவிட்டால், அதுவரை நன்றாக ஓடியது சி0000006 என்ற பிழை எண்ணைச் சொல்லிவிட்டு விழும். அப்போது பிடுங்கிச் செருகுவது சரியான சிகிச்சையே. ஊதுவது விருப்பம்.

அலுவலகம் கடைசியில் எடுத்த முடிவு, புரோகிராமை ஒவ்வொரு கணினியிலும் இன்ஸ்டால் செய்துவிட்டு டேட்டாவை மட்டும் பெட்டியில் வைப்பது. நியாயமான முடிவு. இப்போது புரோகிராம் ஓடுகிறது. எக்ஸெல் கோப்புதான் திறக்க மறுக்கிறது. வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று சொல்லி, யாரென்று பார்த்தால் பார்ப்பவர் பெயரையே காட்டுகிறது. இது வேறொரு துறை.