காருக்கு ஆறு மாதம், எனக்கு மூன்று

பிரான்சில் என்னைவிட என் காருக்கு மதிப்புக் கூட. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற நான், எந்த 180 நாளை எடுத்துக் கணக்குப் பார்த்தாலும் ஷெங்கன் நாடுகளுக்குள் 90 நாளுக்குமேல் நிற்க முடியாது. என் பழைய ரொயோட்டாவோ, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் ஆறு மாதம் நிற்கலாம். சுங்கவரியும் இல்லை, பெறுமதிசேர் வரியும் இல்லை. இதை ஏதோ அநியாயம்போல மனைவியிடம் சொன்னேன். "அது சாப்பாட்டில குறை சொல்லாது, ரீவியைச் சத்தமாப் போடாது. ஆருக்குத்தான் வைச்சிருக்க விருப்பமில்லை?" என்றாள்.

மகள் வாழ்க்கைப்பட்டது பாரிசுக்குப் பக்கத்தில், லாக்கூர்நெவில். முதல் பிரசவம். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் மனைவி கட்டிய பொதியில் இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, சரக்குத்தூள் போத்தல்கள், குழந்தைக்குத் தைத்த துணிகள் என்று ஒரு குடும்பமே புலம்பெயரப் போதுமான சாமான் இருந்தது. பாரிசின் லாஷப்பல் கடைகளில் இதெல்லாம் வாங்கலாமே என்று ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லின் விளைவு டோவர் துறைமுகம் வரைக்கும் நீடித்தது.

நான் சட்டத்துக்குப் பயந்தவன். சட்டத்துக்கு மட்டுமல்ல என்று உறவினர் சொல்லுவினம், அதை விடுங்கள். பயணத்துக்கு வேண்டியதையெல்லாம் அச்சடித்து ஒரு கோப்பில் போட்டேன். காரின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஜி.பி. என்ற எழுத்து 2021 செப்டெம்பர் 28இலிருந்து செல்லாது, யு.கே. என்று இருக்கவேண்டும். வி5சி என்கிற லொக் புக்கின் மூலப்பிரதி கையில் இருக்கவேண்டும், போட்டோக்கொப்பி ஆகாது. முக்கோணப் பலகை வேண்டும், ஒளிரும் மேற்சட்டை வேண்டும். காப்புறுதிக்கான பச்சை அட்டை மட்டும் 2021 ஓகஸ்டிலிருந்து தேவையில்லை. அதையும் எடுத்துவைத்தேன், இருக்கட்டும் என்று.

பிறகு முகப்பு விளக்கு. இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக் காரின் விளக்கு இடதோரத்தைப் பார்த்துத்தான் வெளிச்சம் அடிக்கும். பிரான்சில் அது எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதைத் தடுக்க ஒரு ஒட்டுத்துண்டு விற்கிறார்கள். கப்பலுக்கான வரிசையில் காரை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, படத்தில் காட்டிய கோணத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். காற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. துரத்திப் பிடித்து மறுபடி ஒட்டினேன். மனைவி கண்ணாடியை இறக்கி, "பொம்பிளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரியெல்லோ வைக்கிறியள், எனக்கு ஒருநாளும் இவ்வளவு பாத்து வைக்கேல்லை" என்றாள். பின்னால் நின்ற காரில் யாரோ சிரித்தார்கள். தமிழராகத்தான் இருக்கவேண்டும்.

எல்லையில் எனக்கு நடந்தது முறையான வரவேற்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஒக்டோபர் 12இல் தொடங்கிய புதிய பதிவுமுறைப்படி முகத்தைப் படம் பிடித்தார்கள், விரல்ரேகை எடுத்தார்கள். இனி நான் எத்தனை நாள் நின்றேன் என்று கணினிக்குத் தெரியும். காரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முத்திரையில்லை, ஒரு துண்டுக் கடதாசியில்லை. சுங்கச் சட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: வெளிநாட்டுக் காரோடு நீங்கள் எல்லையைக் கடந்துவிட்டால் அந்தக் கடத்தலே தற்காலிக இறக்குமதிக்கான அறிவித்தல். வாய் திறக்கத் தேவையில்லை. நல்லதுதான், ஆனால் நாளைக்கு ஒரு அதிகாரி காரை மறித்து எப்போது வந்தது என்று கேட்டால் அத்தாட்சி காட்டவேண்டியது நான். அதனால் கப்பல் ரிக்கற்றைக் கோப்பில் கலியாண எழுத்துப் பத்திரத்துக்கு மேலே வைத்தேன்.

ஏ26 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி வந்தபோது இன்னொன்று விளங்கியது. இயந்திரம் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ரிக்கற் எடுக்கிறது, காட்டைக் கொடுக்கிறது, தடை உயரும்வரை பார்த்திருந்து "சரி, எடுங்கோ" என்று உத்தரவு தருகிறது எல்லாம் மனைவி. வீட்டு நிர்வாகம் அப்படியே நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது.

பேரன் பிறந்தான். மருமகன் நல்ல பிள்ளை. ஒரேயொரு குறை, அவரிடம் கார் இல்லை. அந்தக் குறையும் என் கார் அவருடைய தரிப்பிடத்தில் வந்து நிற்கிறவரை எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு வாரம் அதைச் சுற்றிவந்தார். ரயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "மாமா, நான் ஒருக்கா எடுத்துக்கொண்டு போகட்டோ?" என்று கேட்டார்.

மருமகனுக்கு இல்லையென்று சொல்லத் தெரிந்த மாமனார் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. எனக்கோ அந்தக் காரை என் தம்பிக்கே கொடுக்க மனம் வராது. இந்த இக்கட்டில் எனக்குக் கைகொடுத்தது ஐரோப்பிய ஒன்றியச் சுங்கச் சட்டம். வரியில்லாமல் வந்து நிற்கிற வெளிநாட்டுக் காரை அங்கே வசிப்பவர் நினைத்தபடி ஓட்ட முடியாது. கோப்பைத் திறந்து காட்டினேன். எவ்வளவு அழகான சட்டம்!

மருமகன் கணக்கியல் படித்தவர். என் கோப்பை வாங்கி இரவிரவாக வாசித்திருக்கிறார். காலையில் வந்து, "மாமா, ஒரு விதிவிலக்கு இருக்கு. கார்ச் சொந்தக்காரர் ஒன்றியத்துக்குள்ளே நிண்டு, அவரே கேட்டுக்கொண்டால், இஞ்ச இருக்கிற ஆள் இடைக்கிடை ஓட்டலாமாம்" என்றார். உண்மைதான், அப்படித்தான் எழுதியிருக்கிறது. பதிவுக்குரியவர் கேட்டுக்கொள்ளவேண்டும், கார் ஓடுகிற நேரம் அவர் ஒன்றியத்துக்குள்ளே இருக்கவேண்டும்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் காலையில் ஒரு சடங்கு நடந்தது. நான் கதிரையில் தேத்தண்ணியோடு இருப்பேன். மருமகன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்.

"மாமா, கேளுங்கோ."

"என்னத்தைக் கேக்கிறது?"

"பம்பர்ஸ் முடிஞ்சுது. கடைக்குப் போய்வரச் சொல்லி என்னைக் கேளுங்கோ."

"தம்பி, நீர் ஒருக்காக் கடைக்குப் போய்வாருமன்."

"காரிலை எண்டு சொல்லுங்கோ மாமா, இல்லாட்டிச் செல்லாது."

காரில் என்று சொல்லுவேன். திறப்பு கைமாறும். அவர் போய்த் திரும்பிவரும் வரைக்கும் யன்னலடியில் நிற்பேன். பேரனைத் தூக்கி வைத்திருந்தால் பேரனும் நிற்பான். குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்று மகள் நினைத்தாள்.

இதற்கிடையில் காப்புறுதி. சுங்கம் அனுமதித்தாலும், மருமகன் பெயர் பொலிசியில் இல்லாமல் ஓட்ட முடியாது. லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் சங்கீதம் கேட்டபிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஓட்டுபவர் எங்கே வசிக்கிறார் என்றாள். லாக்கூர்நெவ் என்றேன். மறுபடியும் சங்கீதம். கடைசியில் பெயரைச் சேர்த்தார்கள். அந்தக் காசுக்கு மருமகன் டாக்சியிலேயே போய்வந்திருக்கலாம். என் பொலிசியில் வெளிநாட்டுக்கான முழுப் பாதுகாப்பும் 90 நாள்தான், அதற்குமேல் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் மட்டும் என்பதையும் அவள் போகிறபோக்கில் சொல்லிவைத்தாள்.

என் 90 நாளும் கரைந்துகொண்டு வந்தது. மாமனார் இன்னும் கொஞ்சநாள் நிற்கமாட்டாரா என்று மனதார ஏங்கிய மருமகன் என் மருமகனாகத்தான் இருக்கவேண்டும். நான் போன அன்றே கேட்டுக்கொள்ள ஆளில்லை, கார் அசையக்கூடாது. "மாமா, ஒரு வருச விசா எடுத்து நிண்டால் என்ன?" என்றார். கோப்பைப் புரட்டினோம். நான் பிரான்சில் குடியிருப்பவன் ஆகிவிட்டால் 'வெளிநாட்டில் வசிப்பவரின் கார்' என்ற சலுகையே போய்விடும். ஒரு மாதத்துக்குள் பிரெஞ்சுப் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஆக, நான் போனால் அவர் ஓட்ட முடியாது. நான் நின்றால் நானே ஓட்ட முடியாது.

"அப்ப காரை எனக்கே தாங்கோவன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பில்லை என்று இருவருக்கும் தெரியும். நானும் சிரித்துக்கொண்டே கணக்கை எடுத்துவைத்தேன்: பெறுமதியில் 10 வீதம் சுங்கவரி, அதையும் சேர்த்து அதன்மேல் 20 வீதம் பெறுமதிசேர் வரி, வலதுபக்கம் அடிக்கிற புது விளக்குகள், பதிவுக் கட்டணம். கணக்கியல் படித்தவருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. காரை ஒருமுறை பார்த்தார், மேசைக்குத் திரும்பிவிட்டார்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ரயிலில் லண்டன் திரும்பினோம். காரணம் பல்லுக்கொழுக்கட்டை. பேரனுக்குப் பல் முளைக்கும்போது கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டவேண்டும், அதற்கு உரலும் பாத்திரமும் மறுபடி ஏற்றி இறக்க முடியாது என்று மனைவி தீர்ப்பளித்தாள்.

இப்போது நான் ஹரோவில் 182ஆம் இலக்க பஸ்ஸில் வெம்பிளிக்கு மரக்கறி வாங்கப் போகிறேன். கார் பிரான்சில் ஓய்வெடுக்கிறது. ஆனால் ஸ்வான்சீயிலுள்ள வாகனப் பதிவு அலுவலகம் அதன் வீதிவரியை மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவாக வெளிநாட்டில் நிற்கிற காருக்குப் பிரித்தானியாவில் வரி கட்டித்தான் ஆகவேண்டும். ஓடாமல் நிற்கிறது என்று அறிவிக்கிற 'சோர்ன்' முறை பிரித்தானிய மண்ணில் நிற்கிற காருக்குத்தான். வருடாந்த எம்.ஓ.ரி பரிசோதனையையும் இங்கேயுள்ள கராஜில்தான் செய்யலாம், பிரெஞ்சுச் சான்றிதழ் உதவாது. நல்லவேளை, புறப்படுமுன் அதைச் செய்வித்துவிட்டேன்.

இனித்தான் உண்மையான சிக்கல். 90 நாள் தொடர்ந்து நின்றவன் அடுத்த 90 நாள் வெளியே நிற்கவேண்டும். இரண்டையும் கூட்டினால் 180. காரின் ஆறு மாதமும் ஏறக்குறைய அதுதான். அதாவது நான் மறுபடி பிரான்சுக்குள் கால்வைக்கக்கூடிய நாளுக்கும், கார் பிரான்சை விட்டுப் போகவேண்டிய நாளுக்கும் இடையில், எந்த மாதம் எத்தனை நாள் என்பதைப் பொறுத்து, ஒன்றிலிருந்து நாலு நாள்வரைதான் மிஞ்சும். அந்தச் சில நாளுக்குள் பேரன் பல்லைக் காட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு எந்த விதிவிலக்கும் எழுதிவைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மகள் தினமும் கைபேசியில் பேரனின் முரசைக் காட்டுகிறாள். நானும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்க்கிறேன். இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று, ஒரு அசுகையும் இல்லாமல் கிடக்கிறது.

போன கிழமை மருமகன் பழைய பேஜோ ஒன்று வாங்கிவிட்டார். வீட்டுக்கு இருப்பது ஒரே தரிப்பிடம், அதில் என் ரொயோட்டா. அதை ஒரு அடி தள்ளி நிறுத்தக்கூட அவருக்கு உரிமையில்லை, நான் ஹரோவில் இருக்கிறேன். பேஜோவை எங்கோ இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு மழையில் நடந்து வருகிறாராம். என் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர் இப்போது காரின் நாட்களை எண்ணுகிறார். நேற்றிரவு அவரே அழைத்தார்.

"மாமா, பல்லு இன்னும் வரேல்லை. கொழுக்கட்டையைப் பிறகு எப்பவும் அவிக்கலாம். நீங்கள் முதல்ல வந்து காரை எடுங்கோ."