டேப் சுற்றினால் போதுமா?

கேள்வி: அயர்ன் பாக்ஸ் வயர் நடுவில் பிய்ந்துவிட்டது. முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாதும்மா. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள். கொண்டி உடைந்த பூட்டை நூலால் கட்டிவிட்டு வெளியூர் போவீர்களா? 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தேய்க்கத் தேய்க்க வயர் ஆடிக்கொண்டே இருக்கும், முறுக்கு தளரும், தளர்ந்த இடத்தில்தான் சூடேறும். டேப்பின் பசை இளகி வழியும், செம்புக் கம்பி கறுக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முழு வயரையும் மாற்றச் சொல்லுங்கள். நூல் பின்னல் போட்ட மூன்று கம்பி வயராக இருக்கட்டும். பச்சைக் கம்பி எர்த். அதை நறுக்கிவிட்டு இரண்டை மட்டும் மாட்டுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.