அடக்க விலை

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்று ஓர் அரசு அதிகாரி இருந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் அங்கே ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் திட்டம் வந்திருந்தது. அது வருவதற்குப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். தபால் மலிந்ததும் ஊரே எழுதித் தள்ள ஆரம்பித்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் மேஜையில் கடிதம் குவிந்தது. பதில் போடாவிட்டால் மரியாதை இல்லை. போட உட்கார்ந்தால் உத்தியோகம் பார்க்க முடியாது. தான் வெட்டிய வாய்க்காலில் தானே முழுகவிருந்த மனிதர், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரைப் பிடித்து ஒரு படம் போடச் சொன்னார். வாழ்த்தையும் அதிலேயே அச்சடித்து, கையால் வர்ணம் ஏற்றி, ஆயிரம் பிரதி எடுத்தாயிற்று. பெயரை மட்டும் எழுதினால் போதும். அதைக் கடையில் ஒரு ஷில்லிங்குக்கு விற்கவும் செய்தார்கள்.

ஆக, கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே கடிதம் எழுதுவதிலிருந்து தப்பிக்கத்தான். அப்படி மிச்சமான வேலையை வட்டியும் முதலுமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியம், அட்டையைக் கையாலேயே செய்வது என்று கிளம்பியிருக்கும் எங்கள் கூட்டத்தைச் சேரும். நான் ஒரு பொங்கல் அட்டை செய்து முடிப்பதற்குள் பத்துக் கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போட்டுவிட்டு வரலாம். வரும் வழியில் கறிவேப்பிலையும் வாங்கலாம்.

எங்கள் சின்ன வயதில் மார்கழி பாதியிலேயே கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். பானை, கரும்பு, மாடு, முருகன், பிள்ளையார், இந்தப் பக்கம் எம்.ஜி.ஆர்., அந்தப் பக்கம் சிவாஜி, பின்னால் ரஜினி, கமல். ஓரமெல்லாம் ஜிகினா. யாருக்கு எந்த நடிகர் என்பதில் பிசகினால் சிநேகிதம் அத்தோடு முறிந்தது. செல்போன் வந்ததும் கயிறும் போயிற்று, கடையும் போயிற்று. அந்த ஏக்கத்தில்தான் நான் இதில் இறங்கினேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வது. உண்மையில் இறங்கியது ஒரு வீடியோவைப் பார்த்து. ஒரு வெள்ளைக்கார அம்மாள், வாயே திறக்காமல், பின்னால் பியானோ வாசிக்க, சில நிமிஷத்தில் ஓர் அட்டையை முடித்து நிமிர்த்தி வைத்தார். மேஜையில் ஒரு பொட்டு மை இல்லை. நகக்கண்ணில் பசை இல்லை. முக்கியமாக, 'காபி ஆச்சா?' என்று யாரும் கூப்பிடவில்லை.

கையால் செய்தது என்று பெயர்தானே தவிர, இதில் கைக்குக் கிடைப்பது எடுபிடி வேலை. பெரிய வேலையெல்லாம் 'டை' என்கிற எஃகுத் தகடு பார்த்துக்கொள்ளும். பட்டாம்பூச்சி, பூ, இலை என்று வடிவத்துக்கு ஒன்று. ஓரம் மட்டும் கூராக இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பிளேட், அதன் மேல் தாள், தாளின் மேல் டை, அதன் மேல் இன்னொரு பிளேட் என்று அடுக்கி, இரண்டு உருளைக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துச் சுற்றினால் 'மடார்' என்று ஒரு சத்தம் வரும். பிளேட் உடைந்துவிட்டது என்று புதிதாக வருபவர்கள் பயப்படுவார்கள். உடையவில்லை, பழகுகிறது. நாலு மாதத்தில் அது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மேலே வந்து, "ராத்திரியில என்ன அரைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெட்டி முடித்த பின், நுணுக்கமான ஓட்டைகளில் சிக்கியிருக்கும் துணுக்குகளை ஊசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைப்போம். மறுநாள் தோசையில் ஒரு குட்டி வட்டம் இருக்கும்.

இந்த டைகளைச் செய்து விற்கிறவர்கள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர்கள். பெட்டியைத் திறந்தால் கலைமான், பனிமனிதன், மேப்பிள் இலை, ஸ்னோஃப்ளேக். சென்னையில் மார்கழிக் குளிர் என்பது ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்பது. இந்த ஊரில் ஸ்னோஃப்ளேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வெள்ளைத் தாளில் வெட்டி, செம்மண் நிறம் பூசிய அட்டையில் ஒட்டினேன். அச்சு அசல் கோலம். பனித்துகளுக்கு ஆறு கை. இடைப்புள்ளிக் கோலத்துக்கும் ஆறு முனை. அட்டை கிடைத்ததும் பெரியம்மா போன் செய்து, "கோலம் நல்லா இருந்துதுடி. எத்தனை புள்ளி?" என்று கேட்டாள். "ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி" என்றேன். அந்தக் கோலம் வடதுருவத்துக் கோலம் என்று அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

தாள் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால், அங்கே இரண்டு பக்கமும் கல்யாணப் பத்திரிகைக் கடைகள். "கல்யாணம் எப்போ மேடம்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். 300 ஜிஎஸ்எம் கனத்தில் தாள் நாலே நாலு போதும் என்றால், ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அச்சுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் ஸ்டாம்ப் எல்லாம் ஆங்கிலம் பேசும். 'ஹேப்பி பர்த்டே' கிடைக்கும், 'மிஸ் யூ' கிடைக்கும், பொங்கல் கிடைக்காது. எனவே நம் பேட்டை ரப்பர் ஸ்டாம்ப் கடைதான் கதி. 'உண்மை நகல்', 'பணம் பெற்றுக்கொள்ளப்பட்டது' எல்லாம் செய்கிற கடை.

"பேரு?" என்றார்.

"பேரு வேண்டாங்க. 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'னு மட்டும் போதும்."

எழுதிக்கொண்டார். "டெசிக்னேஷன்?"

"யாரோடது?"

"கீழ போடணும்ல. செயலாளர், பொருளாளர்... சங்கம்தானே?"

"சங்கமெல்லாம் இல்ல. வீட்டுக்கு."

"வீட்டுக்கா?" என்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "ரவுண்டு சீலா, நீள சீலா?" என்றார்.

சாயங்காலம் போய் வாங்கினேன். எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக் கோடும் இருந்தது. "இது நான் சொல்லலையே?" என்றேன். "அது ஃப்ரீ மேடம்." அன்று முதல் என் அட்டைகளில் பானைக்குக் கீழே வாழ்த்து, வாழ்த்துக்குக் கீழே கோடு, கோட்டின் மேல் என் கையெழுத்து. பார்த்தால் வாழ்த்தே அத்தாட்சி பெற்று வந்த மாதிரி இருக்கும்.

அந்த ஊதா மைக்கு ஒரு குணம்: தண்ணீர் பட்டால் அழ ஆரம்பித்துவிடும். வாட்டர்கலர் பூசும் அட்டைக்கு அது ஆகாது. அதற்கு வேறு ஒரு முறை. நிறமில்லாத பிசுபிசுப்பு மையில் ஸ்டாம்பைத் தொட்டு அழுத்தி, மேலே ஒரு பொடியைக் கொட்டி, தட்டி உதற வேண்டும். எழுத்தில் மட்டும் பொடி ஒட்டி நிற்கும், கோலமாவு சிந்தின மாதிரி மங்கலாக. பிறகு சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. சட்டென்று ஓர் ஓரத்தில் பொடி உருகி, பளபளப்பு 'இ'யில் ஆரம்பித்து எழுத்தெழுத்தாக ஓடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. இதற்காகவே ஒரு வாழ்த்தில் எழுத்து அதிகம் இருக்கலாம் என்று தோன்றும்.

வாட்டர்கலரில் வெள்ளை நிறத்தை நாம் பூசுவதில்லை. தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். பொங்கல் பானையில் நுரை வழிகிறது என்றால், வழியப்போகிற இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து அங்கே தூரிகை படாமல் சுற்றிப்போக வேண்டும். நிஜப் பானை எந்தப் பக்கம் பொங்கும் என்று எந்த வீட்டில் தெரியும்? கைநடுக்கம் உள்ளவர்களுக்காக ரப்பர் பால் மாதிரி ஒன்று விற்கிறார்கள். அதைத் தடவிக் காயவிட்டு, மேலே வர்ணம் பூசி, கடைசியில் விரலால் தேய்த்தால் உரிந்து வரும், உள்ளே வெள்ளை பத்திரமாக இருக்கும். அதைத் தொட்ட தூரிகை மட்டும் மறுபிறவி எடுக்காது. இன்னொரு வித்தை: வர்ணத்தின் ஈரம் பளபளப்பு இழக்கும் தறுவாயில் கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள வர்ணத்தை இழுத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை விட்டுவைக்கும். வெள்ளைக்கார அம்மாள் தூவினால் அப்படித்தான் ஆகிறது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியிலேயே கசிந்துகொண்டிருக்கும். அது யாருடைய ஈரத்தை இழுக்கும்?

இத்தனைக்கும் நடுவே என் கணவர் இருக்கிறார். கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒரு நோட்டைப் போட்டு, தாள், மை, பொடி, பசை, கரண்ட், மெஷினுக்குத் தேய்மானம் எல்லாம் எழுதி, ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது அறிவித்தார்: "ஒரு கார்டுக்கு அடக்க விலை நானூத்திப் பன்னிரண்டு ரூபா."

"என் கூலி?"

"அதைச் சேர்த்துப் பார்த்தேன். பயந்து அடிச்சுட்டேன்."

தபாலுக்கும் கணக்கு அவரே. சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். ஏ5 அளவு 300 ஜிஎஸ்எம் தாளை மடித்தால் ஒன்பது கிராமுக்கு மேல். மேலே ஒட்டும் ஓவியம் அதில் பாதி. உறை ஐந்து. இதற்குள்ளேயே 19 வந்துவிட்டது. இன்னும் கரும்பு ஏறவில்லை, மாடு ஏறவில்லை, மாட்டைத் தூக்கி நிறுத்தும் ஃபோம் டேப் ஏறவில்லை. "மாட்டுக்குக் கொம்பு அவசியமா?" என்று தராசும் கையுமாக நிற்பார்.

உறவுக்காரர்களோ இந்த நானூற்றுப் பன்னிரண்டை அறியமாட்டார்கள். அட்டை கிடைத்த அன்று நாத்தனார் போன் செய்தாள். குரலில் அவ்வளவு கரிசனம். "ஏன் அண்ணி, கடையில கிடைக்கலையா? எங்க தெருவுல பேன்சி ஸ்டோர்ல அழகா இருக்கே, வாங்கி அனுப்பட்டுமா? அண்ணன் பென்ஷன் ஒழுங்கா வருதில்ல?"

ஒரு விஷயத்தை இங்கே போட்டு உடைத்துவிடுகிறேன், அட்டை செய்கிற யாரைக் கேட்டாலும் மறுப்பார்கள். நன்றாக வந்த அட்டையை நாங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை. நுரை சரியாக வழிந்து, உப்பு நட்சத்திரம் விழுந்து, பொடி சிந்தாமல் உருகியது என்றால், 'இதை அவங்களுக்கா?' என்று ஒரு குரல் கேட்கும். அவங்க யாராக இருந்தாலும் சரி. அது பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். மாட்டுக்குக் கால் கோணியது, பானை சரிந்தது, ஓரத்தில் கட்டை விரல் ரேகை விழுந்தது, இவைதான் சொந்தபந்தத்துக்கு. டப்பாவில் இருப்பவை, தகுதியான ஆளுக்காகக் காத்திருக்கின்றன. வரன் பார்க்கிற கெடுபிடிதான்.

போன பொங்கலுக்கு என் கணவர் எனக்குத் தெரியாமல் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவர் அக்கா மகனுக்கு அனுப்பிவிட்டார். சரக்கைத் தேக்கி வைப்பது கணக்குக்கு நல்லதில்லையாம். பையன் நல்லவன். நன்றி சொல்லவில்லையே தவிர, அட்டையை வெயிலில் வைத்து அழகாகப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். அங்கிருந்து அது கிளம்பியது. கல்லூரி நண்பர்கள் குரூப், குடியிருப்போர் சங்கம், மருதமலை யாத்திரைக் குழு. பொங்கலன்று காலை, பலமுறை பகிரப்பட்டது என்ற அம்புக்குறியோடு, என் பெரியப்பா மகனிடமிருந்து என் போனுக்கே வந்து சேர்ந்தது. பானையும் நுரையும் என்னுடையவை. இரண்டு மூலையிலும் யாரோ ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். அடியில், என் கையெழுத்து இருந்த இடத்தை மறைத்து, வெள்ளைச் சட்டையில் ஒருவர் கைகூப்பி நின்றார். புள்ளிக் கோட்டுக்குக் கீழே, கச்சிதமாக: 'வட்டச் செயலாளர்'.

கடைக்காரர் கேட்ட டெசிக்னேஷன்.

நான் போனைக் கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எந்தெந்த குரூப், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஒவ்வொருவராகப் போன் போட்டு விசாரித்தார். நோட்டை எடுத்தார். ரொம்ப நேரம் கழித்து, கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத ஒரு திருப்தியோடு நிமிர்ந்தார்.

"நம்ம கணக்குக்குத் தெரிஞ்சு ஐந்நூத்தி எண்பது பேருக்குப் போயிருக்கு. ஒண்ணுக்கு எழுபத்தோரு பைசா. இப்பதாம்மா கட்டுப்படியாகுது."