கடலைக்கு வந்த வாழ்வு

அப்பத்தா வீட்டில் சோற்றுக்கு முன்னால் கடலை தின்பது குற்றம். என் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைப்பாள். உள்ளே சிவப்புத் தோல் ஒட்டியிருந்தால் தொலைந்தேன். "கடலைய அள்ளிப்போட்டு வயித்த அடச்சுக்கிட்டு, சோறு வேணாங்கிறியாடா? அரிசி என்ன சும்மாவா வருது?" எங்கள் மானாவாரிக் கொல்லையில் கடலை தானாக விளைந்தது. நெல்லுச்சோறுதான் கௌரவம்.

"பிள்ளைக்குப் பசியே எடுக்கல" என்று டாக்டரிடமும் இழுத்துப் போனாள். அவர் பசி டானிக் எழுதினார். அந்த ரகச் சிரப்புகளில் சேரும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் அரிப்புக்கும் தும்மலுக்குமான மருந்து. பசி கூடுவது அதன் பக்க விளைவு; தூக்கம் இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பலித்தது. விளக்கு வைப்பதற்குள் தூங்கிவிடுவேன், சோறு மிச்சம்.

இப்போது எனக்குச் சர்க்கரை. டயட்டீஷியன் தாளில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு கைப்பிடி கடலை. "சோறு தானா குறையும், சார்."

குறையத்தான் செய்கிறது. கடலையின் புரதமும் கொழுப்பும் சிறுகுடலின் முகப்பைத் தொட்டதும் சிசிகே என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரைப்பை காலியாவது தாமதமாகிறது. வேகஸ் நரம்பு வழியே மூளைக்கும் 'போதும்' என்று தகவல் போகிறது. குடலில் இன்னும் கீழே ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் அதற்கு ஒத்து ஊதுகின்றன. பசியைக் கிளப்பும் கிரெலின் அடங்குகிறது. சிசிகேயை 1928-லேயே கண்டார்கள், பித்தப்பையைச் சுருக்கும் சரக்கு என்று. அது எலிகளின் தீனியைக் குறைப்பதை அமெரிக்காவில் காட்டியது 1973-ல். கிரெலினை ஜப்பானியர்கள் பிடித்தது 1999-ல். அப்பத்தாவுக்கு என் கால்சட்டைப் பையே போதுமாக இருந்தது.

அப்பா மட்டும் சோற்றைக் குன்றாகக் குவித்து, குழி பறித்து ரசம் ஊற்றி, மறுசோறும் கேட்பார். "உழைக்கிற உடம்பு" என்பாள் அம்மா. புரதக் கணக்கு நேராகும்வரை வாய் ஓயாது என்பது 2005-ல் சிம்ப்சன், ராபன்ஹைமர் இருவரும் முன்வைத்த கருத்து. வடித்த சோறு 100 கிராமில் புரதம் 3 கிராம்கூடத் தேறாது. கடலையில் சுமார் 25. குன்று இல்லாமல் கணக்கு எப்படி நேராகும்?

மருமகள் மாலையில் பேரனுக்குப் புரோட்டீன் பவுடரைப் பாலில் கலக்கி டம்ளர் தளும்பத் தருகிறாள். எட்டு மணிக்குத் தட்டோடு அவன் பின்னாலேயே ஓடுகிறாள். "மாமா, இவனுக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது!"

எனக்கோ கடலை பத்தவில்லை என்று டாக்டர் செமகுளூடைடு எழுதியிருக்கிறார். குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் இந்த ஊசி ஒரு வாரம் தாங்கும். நேற்று மருந்துக் கடையில் பேரனுக்குப் பசி வர ஒரு பாட்டில், தாத்தாவுக்குப் பசி போக ஒரு ஊசி. பையன் இரண்டையும் ஒரே பில்லில் போட்டான். வாங்கிப் பார்த்தேன். வருவதைவிடப் போவதற்குத்தான் விலை அதிகம்.